அக்காவின் கையெழுத்து

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு எட்டு வாரம். இந்த விண்குடியிருப்பில் முதன்முதலாகப் பிறக்கப்போகும் நான்கு குழந்தைகளில் உன் தங்கையின் குழந்தையும் ஒன்று. இங்கே எடை குறைவு, வயிறு பெரிதானாலும் முதுகு வலிக்காதாம். "உனக்குக் கொடுத்துவச்சிருக்கு" என்று அவர் கேலி செய்கிறார்.

பன்னிரண்டு வாரத்துக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பிறகு கலைக்க இங்கே வசதியில்லை. மருத்துவர் இந்தப் பிரசவச் சோதனைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார், புரட்டிக்கொண்டே போனேன். கடைசியில், அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் கையெழுத்துகள். மூன்றாவது உன்னுடையது. அப்பாவுக்குத் தெரியாமல் என் மதிப்பெண் அட்டையில் போட்டுத் தந்த அதே கொக்கி! குழுவில் இருப்பதைச் சொல்லவே இல்லையே, கள்ளி. அக்காவே பார்த்தாயிற்று, இனி என்ன என்று நானும் போட்டுவிட்டேன்.

உன் வாலு

மார்ச் 9

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்கு நடுவே படித்தேன். அதன்பிறகு பாடம் ஓடவில்லை. குழு விஷயங்களை வெளியே பேசக் கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. எலிகளை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி மருத்துவர் ஏதாவது சொன்னாரா? கேட்டுப் பார்.

அன்புடன் அக்கா

மார்ச் 15

அக்கா,

கேட்டேன். நன்றாக முடிந்தது என்றார். நீ சுற்றி வளைக்கிற ஆள் இல்லையே. என்னவென்று சொல். எனக்கு நாள் ஓடுகிறது.

வாலு

ஏப்ரல் 6

தங்கச்சி,

எழுதி எழுதிக் கிழித்தேன். வேலை போய்விடும் என்று ஒரு வாரம், நீ வெறுப்பாய் என்று இரண்டு வாரம்.

அங்கே பிறந்த எலிக்குட்டிகளில் பாதி, மல்லாந்து விழுந்தால் புரளத் தெரியாமல் அப்படியே கிடந்து செத்தன. அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. "இதைக் காட்டினா ஒருத்தியும் சம்மதிக்க மாட்டா" என்று தலைவர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். பிறக்கப்போகிற குழந்தைக்காக யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். "அதுக்குத்தான் அம்மா இருக்காளே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேநீர் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நீ என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். அதைவிடக் கேவலமான வாக்கியம் இல்லை. பக்கத்தை இணைத்திருக்கிறேன். வாரக் கணக்கு எனக்குத் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 11

நெறிமுறைக் குழுவின் மூன்றாம் உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் பதின்மூன்றாம் வாரத்தில் கிடைத்தது. இணைப்பை உணவுக்கூடச் சுவரில் ஒட்டினேன். மற்ற மூவரில் இருவருக்கு இன்னும் நாள் இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவள் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

மருத்துவர் நிதானமாகத் தாளைப் பிய்த்தெடுத்து மடித்துக்கொண்டார். "ரெண்டு பேர் இருக்காங்கல்ல, போதும். சோதனை நடக்கும்" என்றார்.

இனி எனக்கு எழுத வேண்டாம். பிறந்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்கு அறிக்கை வருமாம். குழந்தை புரண்டு படுத்ததா என்பதைத் தாங்கள் அதில் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர் எண் 4