நான் கதையிலிருந்து எடுத்த மழை

என் அன்பான பூமணி மச்சாளுக்கு,

நீங்கள் கண்ணை மூடும்வரை காத்திருந்து கதையை மாற்றிவிட்டேன் என்று சொந்தக்காரர் கதைக்கிறார்கள். அது பிழை. நீங்கள் உயிரோடு இருந்தபோதே மாற்றிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. குற்றம் சாட்டுகிறவர்கள் சரியான குற்றத்தைச் சாட்டட்டும்.

இனிச் சந்தோசமான செய்தி. என் சிறுகதைப் புத்தகம் அச்சாகிவிட்டது, மச்சாள். எழுபத்தெட்டு வயதில் முதல் புத்தகம். இந்த மாதக் கடைசி ஞாயிறு, திருகோணமலை நூலக மண்டபத்தில் வெளியீடு. என் கணவரான உங்கள் அண்ணரின் செத்தவீட்டைப் பற்றிய கதையை நானே வாசிக்கப்போகிறேன். மூன்று நாளாகக் குசினியில் நின்று உரத்து வாசித்துப் பழகுகிறேன். நேற்றுப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அந்தக் கதையை முதலில் கேட்டவர் நீங்கள்தான். ஆடி மாதம், தரையிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, கண்ணைக் குத்தும் வெயில், அவருடைய இழுவைப் படகு சும்மா கட்டிக்கிடந்த உட்துறைமுகம் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"என்ன மச்சாள் இது? நல்ல மனிசன்ர செத்தவீடு எண்டா ஒரு துளி மழையாவது விழும் எண்டு சனம் சொல்லும். நீங்கள் வெயில் எறிச்சது எண்டு எழுதி அண்ணையைக் கெட்டவனாக்கிப் போட்டியள்."

"வெயில்தானே எறிச்சது?"

"உங்களைப்போல கொன்வென்டில படிச்ச ஆக்களுக்கு வானமும் வரிசையில நிக்கவேணும். கதைதானே, கொஞ்சம் பெய்யவிடுங்கோவன்."

உங்கள் கண் கலங்கியபடியால் பெய்யவிட்டேன். வாசல் படலை நனைய, பெட்டி நனைய நல்ல மழை. வாசித்தவர்கள் அழுதார்கள். எனக்கோ அந்த மழையில் நிற்கும் பெண் யாரென்று தெரியவில்லை. அன்றைக்கு என் கண்ணீரைக் கன்னத்துக்கு வரமுதல் கச்சான் காயவைத்தது. அழாத கல்நெஞ்சுக்காரி என்று ஊருக்குள் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. மழையைப் போட்டால் அந்தக் காய்ந்த கண்ணை எங்கே வைப்பது?

உங்களுக்குத் தெரியாமல் மழையை எடுத்தேன். எடுத்த அன்றைக்குத்தான், மச்சாள், அது நடந்தது. காற்று, ஒழுங்கை முழுக்கப் புழுதி, பெட்டியைத் தூக்க நிற்கும் ஆண்கள் என்று எழுதிக்கொண்டு போகிறேன், அன்றைக்கு வந்ததுபோலவே கிணற்றடியிலிருந்து வாளியோடு நீங்கள் வருகிறீர்கள். அண்ணையின் மேல் புழுதி படக்கூடாதென்று படலையிலிருந்து ஒழுங்கை முடியும்வரை தண்ணீர் தெளித்துக்கொண்டே போனீர்கள். திரும்பி வந்து அள்ளினீர்கள். திரும்பவும் போனீர்கள். சுட்ட மண்ணிலிருந்து மழை வாசம் எழும்பியது. பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

இத்தனை வருடம் இதை எப்படி மறந்திருந்தேன்? கதையில் மழை பெய்தவரை உங்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. நனைந்த ஒழுங்கைக்கு யார் தண்ணீர் தெளிப்பார்கள்? இப்போது கதை உங்கள் வாளியோடுதான் முடிகிறது.

நீங்கள் கடைசியாகக் கிடந்த ஆசுபத்திரிக்கு அந்தத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் வந்தனான். மூன்று தரமும் வாசிக்காமல் திருப்பிக் கொண்டுபோனனான். மழை போய்விட்டதென்று மட்டும் உங்களுக்கு விளங்கி, மிச்சத்தைக் கேட்க நேரமில்லாமல் போனால்? அந்தப் பயம்தான்.

உங்கள் மகள் வதனி கிளிவெட்டியிலிருந்து வரமாட்டாளாம். "அம்மா கேட்ட மழையை அழிச்ச கதையை என்னால வந்து கேக்க ஏலாது, மாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் இன்னும் கதையை வாசிக்கவில்லை. இந்தக் கடிதத்தையாவது வாசிப்பாள் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாளி வரும் இடத்தை அவசரப்படாமல், குரல் தடுமாறாமல் வாசிப்பேன். முன்வரிசையில் வதனிக்கு ஒரு கதிரை இருக்கும். வேறு ஒருவரையும் அதில் இருக்கவிடமாட்டேன்.

உங்கள் அண்ணரின் மனைவி,
மச்சாள் கமலாம்பிகை

வதனி, வருவாயோ மாட்டாயோ, வெளியீட்டுக்கு முன் எனக்கு எழுத்தில் பதில் போடு.