காக்கை ஏரிக்கு மேலே

ஹெட்ரிக், கொலராடோ
ஜூன் 17

அன்பு மகள் கொரினுக்கு, அப்பா எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய், இல்லை என்று எழுதினால் நீ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் விமானம் ஏறிவிடுவாய், அதனால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று மட்டும் எழுதிவைக்கிறேன். நீயும் மருமகன் நெவிலும் பேத்தி இமோஜெனும் ஹோபார்ட்டில் சுகமாக இருக்க வேண்டும். பூமியின் தென்பாதியில் உங்கள் பக்கம் இப்போது குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடு. இங்கே வெயில் வந்துவிட்டது, ஆனாலும் ஆர்லின் மலையின் வடக்குப் பக்கத்தில் பனி இன்னும் கரைந்தபாடில்லை. நாய் பட்டன் உன் அம்மாவின் வேட்டை பூட்ஸ் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கிடக்கிறது, எடுத்து உள்ளே வைத்தால் அலமாரிக் கதவைப் பிராண்டுகிறது, சரி கிட என்று விட்டுவிட்டேன். உறைபெட்டியில் அவள் போன வருடம் அடித்த பெட்டை எல்க் மானின் கறி மூன்று பொட்டலம் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் ‘தொடை, குழம்புக்கு’ என்று எழுதியிருக்கிறது. எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப வைத்துவிட்டு முட்டை பொரித்துச் சாப்பிடுவேன். திட்டாதே.

ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், சொன்னால் நான் அழுவேன், நீ அழுவாய், குழந்தை எழுந்துகொள்ளும், நெவில் பாவம் எதுவும் புரியாமல் டீ போடப் போவான். அதனால் கடிதம். போன வாரம் தபாலில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்று நேடீன் ஸ்ட்ரவுட் என்று உன் அம்மா பெயருக்கு, இன்னொன்று என் பெயருக்கு. பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆர்லின் மலை, ஆண் எல்க், அக்டோபர் மாதம், இரண்டு பேருக்கும் வேட்டை அனுமதிச் சீட்டு. வந்துவிட்டது, கொரின். மற்ற மலைகளுக்கெல்லாம் சீட்டு சுலபமாகக் கிடைக்கும், இந்த ஒரு மலைக்கு இருபது வருடம் விண்ணப்பம் போட்டாள் உன் அம்மா. மார்ச் மூன்றாம் தேதி இருபதாவது விண்ணப்பத்தை அனுப்பினாள், பத்தொன்பதாம் தேதி விறகு அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஜூனில் சீட்டு வருகிறது. அந்த மலைக்கும் எனக்கும் என்ன பகை என்று தெரியவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி பக்கத்திலேயே நின்றேன், பக்கத்து வீட்டு டெல்பர்ட் தன் கோவேறு கழுதைகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவன், “என்னடா, வரி ஆபீஸா?” என்று கத்தினான். உறையை அவன் பக்கம் தூக்கிக் காட்டினேன்.

செத்துப்போனவர் பெயரில் சீட்டை வைத்திருக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று டெல்பர்ட் சொன்னான். மறுநாள் காலையில் சவரம் செய்து, அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்ததில் கடைசிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மார்லிஸ் இருக்கிறாளே, உனக்குத் தெரியும், உன் அம்மாவோடு கோடையில் மீன் பிடிக்கப் போவாளே, அவள்தான் சீட்டை வாங்கிக்கொண்டாள். கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் கணினியைப் பார்த்தாள். “வெர்லின், கொஞ்சம் உக்காருங்க” என்றாள். யாராவது உட்காரச் சொன்னால் இப்போதெல்லாம் நான் உட்காருவதில்லை, நின்றுகொண்டே கேட்டேன். ஒன்றுமில்லை, உங்கள் சீட்டு செல்லும், நீங்கள் தாராளமாகப் போகலாம் என்றாள். நானாவது, எல்க்காவது, நான் அடித்ததெல்லாம் முப்பத்தோரு வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டியபோது சாலையோரத் தபால்பெட்டிகளைத்தான் என்றேன். சிரிக்கவில்லை அவள். சும்மா இருக்காமல் நான்தான் கேட்டேன், இருபது வருடமாக இந்தப் பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் குலுக்கலில் விழவே இல்லை, அப்படி என்ன ராசி கெட்ட கை அவளுக்கு என்று. மார்லிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “குலுக்கல் இல்லைங்க இது, வரிசை. ஒவ்வொரு வருஷமும் கெடைக்காம போனா ஒரு புள்ளி சேரும், புள்ளி ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு மொதல்ல. ஆர்லினுக்குப் பத்து இருந்தாலே போதும். நேடீன் கிட்ட ஒம்பது சேர்ந்திருந்தப்ப நீங்க கூடச் சேர்ந்தீங்க, உங்க கிட்ட ஒண்ணுமே கெடையாது. ரெண்டு பேரா போட்டா கம்மியா இருக்கறவரோட புள்ளிதான் கணக்கு. உங்களுக்குப் பத்து சேர இத்தன வருஷம் ஆச்சு.” நான், அப்படியென்றால் அவள் தனியாகப் போட்டிருந்தால் என்று கேட்டேன். “அடுத்த வருஷமே போயிருப்பாங்க” என்றாள். அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். “தெரியாமயா? நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன், தனியா போடுங்கன்னு. ‘எனக்குத் தெரியும்டி, அந்த ஆளு கிட்ட மட்டும் ஒளறி வைக்காத, மனசு ஒடஞ்சிடுவாரு’ன்னாங்க” என்றாள். சொல்லிவிட்டு அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் முதல் ஆளாக நின்றவள், கடைசியில் வந்து நின்ற எனக்காக இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஏன் சேர்ந்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய அக்டோபரில் தெற்குப் பக்கத்து மலையில் உன் அம்மா பனிப்புயலில் மாட்டி இரண்டு நாள் கீழே வரவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வழி முழுவதும் பனியை அள்ளிக்கொண்டே போனேன், மூன்றாம் நாள் காலை சிரித்துக்கொண்டே நடந்து வருகிறாள், “ரொட்டி ஏதாவது கொண்டாந்தியாய்யா?” என்று கேட்கிறாள். அடுத்து வந்த மார்ச்சில் அவள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தபோது நான் ஒற்றைக் காலில் நின்றேன், இனிமேல் நான் இல்லாமல் எந்த மலைக்கும் போகக்கூடாது, என் பெயரையும் எழுது, எழுதாவிட்டால் நான் இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். “சரி, எழுதறேன். சமையல் நீதான்” என்றாள். என் சமையலை நினைத்துத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், கொரின். பத்து வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் கிடைக்கவில்லை என்று தகவல் வரும்போது நான் சும்மா இருந்தேனா? வாய்க்கொழுப்பு. உனக்கெல்லாம் தலையில் எழுதியிருக்கிறது கிடைக்காதென்று, உன்னைச் சேர்த்துக்கொண்டதால் என் ராசியும் போச்சு என்பேன். டெல்பர்ட் முன்னால், தேவாலயத்து விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, “மான் எங்கய்யா ஓடிப்போவுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பாள். கல்லுளிமங்கி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்றைக்கே தனியாகப் போயிருந்தால், ஐம்பத்தைந்து வயதில் அவள் கால்களுக்கு அந்த மலை ஒரு பொருட்டா? அந்த மலை உச்சியை ஒட்டிய புல்வெளிப் பள்ளத்தில் ஒரு அக்டோபர் காலையில் நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னிடம் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அலுவலகத்திலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டு அவள் பெயரைச் சொல்லி வீடு முழுக்கக் கத்தினேன். நாய் பயந்துபோய் மேசைக்கடியில் புகுந்துகொண்டது. கத்தி முடித்த பிறகுதான் நான் திட்டுவது யாரை என்று எனக்கே புரிந்தது.

மறுநாள் அவளுடைய வேட்டை நோட்டை எடுத்தேன். பிப்ரவரியிலேயே இந்த வருடத்துக்கான திட்டத்தை முழுக்க எழுதி முடித்திருக்கிறாள், கிடைத்துவிடும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியுமே. அரசாங்க நிலம் எதுவரை, தனியார் வேலி எங்கே தொடங்குகிறது, வண்டியை எங்கே விட வேண்டும், டெல்பர்ட்டின் எந்தக் கழுதை ஓடையைத் தாண்ட மறுக்கும், எல்லாம் இருக்கிறது. நோட்டில் செருகியிருந்த வரைபடத்தை விரித்து டெல்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான், தலையைச் சொறிந்தான். அவள் வழி காக்கை ஏரியோடு நின்றுவிடுகிறது, கூடாரமும் அங்கேதான். “என்னடா இது, ஏரிக்கரையில எல்க் ஏது? எல்லாம் மேல பள்ளத்துலதான கெடக்கும். இங்க வந்தா அது வழி தப்பின கெழட்டு எல்க்கா இருக்கும், உன்ன மாதிரி” என்றான். பிறகு அவனே, “நேடீனுக்கா இது தெரியாது?” என்றான். நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அவன்தான் முதலில் படித்தான், படித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினான். ‘ஏரிக்கு மேலே வேண்டாம். வெர்லினின் முழங்கால். சாய்ந்த மரத்தடியில் ஏழரைக்கே வெயில் வரும், அங்கே உட்காரட்டும். மாவு பத்து பவுண்டு.’ டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

இருபது வருடம் காத்திருந்து வாங்கிய சீட்டை எல்க்கே வராத இடத்தில் செலவழிக்கத் திட்டம் போட்டிருக்கிறாள் மகளே, எனக்குக் குளிரக் கூடாதென்று. இதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. நேற்று காலை வரைபடத்தை மடிக்கலாம் என்று ஜன்னல் பக்கம் எடுத்துப் போனபோது வெளிச்சத்தில் ஒன்று தெரிந்தது. ஏரியிலிருந்து மேலே வடக்கு முகட்டைச் சுற்றிப் பள்ளம் வரைக்கும் ஒரு கோடு. பென்சிலால் அழுத்தி வரைந்து, பிறகு ரப்பரால் அழித்திருக்கிறாள். கரி போய்விட்டது, தடம் போகவில்லை. விரலை வைத்தால் தட்டுப்படுகிறது. நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து தீய்ந்துபோயிருந்தது.

என் சீட்டையும் இன்று காலை மார்லிஸிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் ஒரு வருடம் முன்னால் போகட்டும். அவள் துப்பாக்கியை விற்கச் சொல்லி நீ போனில் சொன்னாயே, அதைப் பற்றி இப்போது பேசாதே, இருக்கட்டும். ஆனால் அக்டோபரில் நான் மலைக்குப் போகிறேன். நடப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அது எல்லோருடைய நிலம். டெல்பர்ட் இரண்டு கழுதைகளோடு ஏரி வரைக்கும் வருவான், திட்டத்தில் ஒரு எழுத்தை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்ன மரத்தடியில் உட்காருவேன், பத்து பவுண்டு மாவிலும் ரொட்டி சுடுவேன். ஏரிக்கு மேலே என்னால் முடியாது, முயற்சி செய்தால் டெல்பர்ட் என்னைக் கழுதையோடு கட்டிவிடுவான். அழித்த கோட்டின் மேல் திரும்பப் பென்சிலால் வரைந்திருக்கிறேன், கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. அந்தக் கோட்டில் நீ நட, கொரின். உனக்கு அவளுடைய கால்கள். மேலே போய்ப் பள்ளத்தில் நின்று பார்த்துவிட்டு, அங்கே என்ன இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எல்க் கத்துவது எப்படிக் கேட்கிறது என்று இறங்கி வந்து எனக்குச் சொல். முதல் பாராவில் விமானம் ஏறிவிடாதே என்கிற மாதிரி எழுதினேன், அதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

வருவதானால் பூட்ஸை இப்போதே வாங்கிப் போட்டு நடந்து பழகு, புது பூட்ஸோடு மலைக்கு வந்து கொப்புளம் என்று உட்காராதே. நெவிலுக்கு நான் தனியாக எழுதுகிறேன், குழந்தையை அவன் பார்த்துக்கொள்வான், நல்ல பையன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், கடவுள் உங்கள் வீட்டுக் கூரையின் மேல் கை வைத்துக் காக்கட்டும்.

ஒன்றே ஒன்று. வர முடியாது என்றால், முடியாது அப்பா என்று நேராக எழுது. வர இஷ்டமில்லை என்றால் அதையும் எழுது. என் மனசு உடையும் என்று பார்க்காதே, உடைய வேண்டியது உடைந்தாகிவிட்டது. எனக்காக எதையும் அழித்து எழுதாதே.

உன் அன்பு அப்பா,
வெர்லின் ஸ்ட்ரவுட்