ரப்பர் சுற்றிய குழாய்தான் முதலில் ஆறியது

என் பவிக்கா,

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். நாளைக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பயமாக இருக்கிறது.

நாம் இருவரும் செய்த அதே சோதனைதான். கணபதி ஏரியாவில் இருக்கும் உன் அப்பா பட்டறையிலிருந்து எடுத்து வந்த, விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு செப்புக் குழாய்கள். ஒன்றை அப்படியே விட்டோம். இன்னொன்றில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினோம். இரண்டிலும் சுடுதண்ணீர் ஊற்றி, நான் தெர்மாமீட்டரைப் படிக்க, நீ பென்சிலில் எழுதினாய். ரப்பர் சுற்றியதுதான் சீக்கிரம் ஆறியது. "என்னடி இது, ஸ்வெட்டர் போட்டவளுக்குத்தான் குளிருதாமா!" என்று சிரித்தாய். அடுத்த வாரமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அந்தத் தாளை மிஸ்ஸிடம் காட்டினேன். "ஏன் அம்மணி, போர்வை போத்துனா குளிருமா? பாவம், அந்தப் புள்ள ரீடிங்கை மாத்தி எழுதிப்போட்டா" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் "ஆமாங்க மிஸ்" என்றேன். உன் எண்களை இடம் மாற்றி சார்ட்டில் எழுதியதும் நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாய், இல்லையா? பெஞ்சில் உன் இடத்தில் இப்போது என் பைதான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் தனியாக மறுபடி செய்து பார்த்தேன். நானே படித்து, நானே எழுதினேன். அதே முடிவு. பிறகுதான் கணக்கு புரிந்தது. மிஸ் அன்று போர்டில் போட்டுக் காட்டியது தட்டையான சுவருக்கான சூத்திரம். அதற்குத் தடிமன் போதும். குழாய்க்கு ஆரம் வேண்டும். ரப்பர் வெப்பத்தைத் தடுப்பது உண்மைதான். ஆனால் சுற்றச் சுற்ற வெளி ஆரம் கூடுகிறது, காற்று படும் பரப்பும் கூடுகிறது. ஒல்லிக் குழாயில் தடுப்பதைவிட இழப்பது அதிகம். பெரிய குழாயாக இருந்தால் மிஸ் சொன்னதே சரியாகியிருக்கும்.

நீ எழுதியதில் ஒரு எண்கூடத் தப்பில்லை அக்கா. இதைக் கேட்டுக் குதிக்க நீ இல்லையே.

நாளைக்கு சார்ட்டின்மேல் உன் பென்சில் தாளை ஒட்டுவேன். "மாத்துனது நானுங்க மிஸ், அவ இல்லீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். வகுப்பே மறுபடி சிரித்தாலும் சொல்வேன். மேசைக்குப் பின்னால் நீயும் நிற்க இடம் விட்டே நிற்பேன்.

உனக்கு மூன்றே மாதம் இளையவள்,
உன் சித்தப்பா மகள் சிந்து