நாலு பாவும் ஒரு கத்தரியும்

மாப்பிள்ளை,

பரணைச் சுத்தம் செய்யப்போனேன். உன் கம்ப்யூட்டர் ஆபீசிலிருந்து கொண்டுவந்து குவித்த, மிஷினுக்கு ஓட்டை போட்டுக் கொடுக்கும் அட்டைகள் ஒரு கட்டாக என் தலையில் விழுந்தன. செத்த பிறகும் அடிக்கிறாய்.

மெட்ராஸில் அந்த வேலை கிடைத்ததிலிருந்து, காஞ்சிபுரம் வந்தாலே எங்களுக்குப் பாடம்தான்.

"மிஷினுக்கு மெமரின்னு ஒரு இடம் இருக்குது மச்சான். ஒவ்வொரு வேலையும் அதுல இடம் பிடிக்கும். முடிஞ்சதும் விட்டுடும். ஒரே நேரத்துல நாலு வேலை ஓட்டலாம்."

"டீ குடிக்குமா அது?" என்றேன். தெருவே சிரித்தது. உனக்கு ஆகவில்லை.

அந்தத் திருவிழா வாரம் பழி தீர்த்தாய். புடவையின் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவி, காய்வதற்குள் இழைகளை நீவிச் சுருட்டுவோம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அதுதான் தெரு வழக்கம். "எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்?" என்று நாலு பாவையும் ஒன்றாக இழுக்கவைத்தாய். அதில் ஒன்று என் மகளின் முகூர்த்தப் புடவைக்கு.

நீவத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் இங்கே ஓட அங்கே காய்ந்தது. முனையைப் பிடித்தவர்கள் கையை விட்டால் பாவு சிக்கிவிடும். ஒருவரும் நகர முடியவில்லை. அப்போது முக்கில் மேளம் கேட்டது.

"சுருட்டுங்கபா, சாமி வந்துக்கினு இருக்குது!"

"நீவாம சுருட்டினா ஒட்டிக்கும்யா!"

"அப்ப சாமியைத் திரும்பிப் போவச் சொல்லு!"

"மாப்ளே, உன் மிஷினைக் கூப்பிடு, ஒரு முனையைப் பிடிக்கட்டும்" என்றேன் நான்.

நீ கத்தரியை எடுத்தாய். "ஒண்ணை முடிச்சா மூணு பிழைக்கும்" என்று என் பாவைக் குறுக்கே வெட்டினாய். அதைப் பிடித்திருந்தவர்கள் மற்ற மூன்றுக்கும் ஓடி, அந்த இரண்டு பேர் நீவ நீவச் சுருட்டினார்கள். தெரு காலியானது. சாமி வந்தது. நீயும் பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய்.

அறுந்த இழைகளை முடிந்து முடிந்து எனக்கும் என் மகளுக்கும் கண் பூத்துப்போனது. முகூர்த்த நாள் முந்திக்கொண்டது. நெசவுக்காரன் மகள், கடையில் வாங்கிய புடவையில் மணையில் உட்கார்ந்தாள். நீ பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டேன். "நாலுல என்னுது மட்டும் எப்படிப்பா உன் கண்ணுல பட்டுது?"

"அண்ணே, இப்பவா?" என்று உன் பெண்டாட்டி, என் தங்கை, முறைத்தாள்.

நீ மூச்சைக் கூட்டிப் பேசினாய். "மத்தவங்களுதை வெட்டியிருந்தா ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. நீ திட்டுவே மச்சான். ஆனா பேசுவே."

நல்ல பதிலாக யோசித்துக்கொண்டு மறுநாள் வந்தேன். நீ இல்லை. சொல்லாத அந்தப் பதிலை இன்னும் சுமந்து திரிகிறேன். இப்போதாவது கேட்டுக்கொள்: நீ போட்ட கணக்கு சரி. அதற்காகத்தான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.