காந்தப் பீடம் பிடித்துக்கொண்ட வாள்

கருங்கோட்டு நாட்டின் மலையும் சுனையும் தினையும் தேனும் குறைவின்றிப் பெருகுக! அந்நாட்டைச் செங்கோல் வளையாது ஆளும் அரசி, பகைவரைக் கனவிலும் வியர்க்க வைக்கும் பெருநங்கைத் தேவியாரின் திருமுன், வெண்துறை நாட்டு மன்னர் மணிவெயிலோனின் முதலமைச்சர் கொற்றங்கிழார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, முழங்கையை மட்டும் ஊன்றிக்கொண்டு எழுதும் ஓலை.

தேவியாரின் இளவல் சேந்தனார் சென்ற பௌர்ணமியன்று எம் அவைக்குத் தூதராக எழுந்தருளினார். தங்கள் குலவழக்கப்படி, காலஞ்சென்ற தந்தையாரின் வாளை எம் மன்னர் காலடியில் வைத்தார். தூதர் மோர் அருந்தி முடிப்பதற்குள் மன்னர் அவ்வாளைத் தம் கையாலேயே எடுத்துத் திருப்பித் தந்தால் நட்பு, தராவிட்டால் போர் என்பது தங்கள் நாட்டு முறை. வாள் திரும்பவில்லை. வருகிற அமாவாசைக்குள் வந்து சேராவிடில் படை இறங்கும் என்று தேவியார் அறிவித்திருக்கிறீர்கள். சேந்தனார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வாளைப் பிடித்து வைத்துக்கொண்டது எம் மன்னர் அல்லர், ஒரு கல். இதைப் படித்ததும் தேவியார் முகம் சுளிப்பீர்கள் என்று கொற்றங்கிழாருக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து மேலே படித்தருள்க.

எம் மன்னருக்கு மூன்று ஆண்டுகளாகத் தீராத சோர்வு. குளிக்கப் போவார், குளித்த களைப்பில் படுத்துவிடுவார். வெற்றிலையை மடிக்கத் தொடங்கிப் பாதியில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். வழக்குகளைக் கேட்க மாட்டாமல், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இரு தரப்பாரிடமும் சொல்லிவிடுவார். அவர்களும் தீர்த்துக்கொண்டு போய், மன்னரின் மதிநுட்பத்தை ஊரெல்லாம் புகழ்வார்கள். லேகியம் முப்பது வகை, கஷாயம் நாற்பது வகை உள்ளே போயின, தெம்பு மட்டும் வரவில்லை. இதை அயல்நாட்டார் அறிந்தால் ஆளுக்கொரு பக்கம் எல்லையைக் கடிக்கத் தொடங்குவார்கள் என்று அஞ்சி, மன்னர் மௌனத் தவத்தில் இருக்கிறார் என்று கதை கட்டியவர் கொற்றங்கிழார்தாம். தேவியாருக்கு எழுதிய ஆறு ஓலைகளிலும் அந்தத் தவத்தை அவர் மேன்மேலும் கடுமையாக்கியிருக்கிறார். வெட்கக்கேடு.

வெற்றிலையைத் தூக்க மாட்டாதவர் வாளை எப்படித் தூக்குவார்? தூதர் வரும் செய்தி கேட்டதும் கொற்றங்கிழார் ஆளனுப்பி, தென்கரையிலிருந்து பூதனார் என்னும் மருத்துவரை வரவழைத்தார். ஒரு மூட்டை காந்தக்கல்லும் முனை மழுங்கிய ஒரு மரக்குச்சியும்தாம் அவருடைய மருந்துப்பெட்டி. உடம்பில் இரத்தம் தூங்குகிறது, கல் அதைத் தட்டி எழுப்பும் என்றார். தலைக்கும் குடலுக்கும் ஈரலுக்கும் உரிய கதவுகள் உள்ளங்காலில் இருக்கின்றன, குச்சியால் அழுத்தினால் திறக்கும் என்றும் விளக்கினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அரசமேனியைத் தொடும் எந்த மருத்துவமும் முதலில் முதலமைச்சர் மேனியைத் தொட வேண்டும் என்பது வெண்துறை வழக்கம். எனவே பூதனார் கொற்றங்கிழாரின் குதிகாலில் குச்சியை ஊன்றி அழுத்தினார். கொற்றங்கிழார் போட்ட கூச்சலில் கொட்டிலிலிருந்த யானை சங்கிலியை அறுத்துக்கொண்டது. இத்தனை சத்தம் வருகிறதென்றால் அத்தனை சோர்வு வெளியேறுகிறது என்று பூதனார் மகிழ்ந்தார். பிறகு தலைப்பாகைக்குள் ஏழு கற்களை வைத்துக் கட்டினார். அன்றுமுதல் எழுத்தாணி கையில் நிற்காமல் நெற்றியை நோக்கியே தாவுகிறது. இவ்வோலையின் எழுத்துகள் மேல்நோக்கி இழுபட்டிருப்பின் காரணம் அதுவே.

அடுத்து மன்னரின் பாதம். குச்சி பட்டதுதான் தாமதம், மன்னர் சிரித்தார்! கூச்சம் தாளாமல், காலை இழுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று ஆண்டுகளில் முதல் சிரிப்பு. தூணுக்குப் பின்னால் போய்க் கொற்றங்கிழார் அழுதார். சோர்வு இம்மியும் குறையவில்லை என்பதை மறுநாளே கண்டும் பூதனாரை அவர் துரத்தாததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். மருத்துவத்தில் நம்பிக்கை போயிற்று, சிரிப்பை மட்டும் விட மனம் வரவில்லை.

தூதர் வரும் நாளில் மன்னருக்கு இயன்ற மட்டும் தெம்பு ஏறட்டும் என்று, பாதபீடத்தின் உள்ளே பதினெட்டுப் பெருங்கற்களைப் பூதனார் அடுக்கினார். அடுக்கச் சொன்னவர் கொற்றங்கிழார். வாள் இரும்பு என்பது இருவருக்கும் நினைவில்லை. வாளைக் காலடியில் வைக்கச் சேந்தனார் குனிந்தார். ஒரு சாண் உயரத்திலிருந்தே அது அவர் கையை விட்டுப் பாய்ந்து, டணார் என்று பீடத்தோடு ஒட்டிக்கொண்டது. மன்னர் இழுத்தார், அசையவில்லை. மீண்டும் இழுத்தார், பீடம் நகர்ந்தது, வாள் நகரவில்லை. சேந்தனாரோ மோரைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

அந்நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். கல்லைச் சொன்னால் நோயையும் சொல்ல வேண்டுமே என்று தடுமாறிய கொற்றங்கிழார், தங்கள் வாளுக்கு எம் நாட்டை விட்டுப் போக மனமில்லை போலும் என்று உபசாரமாக ஒன்றை உளறினார். சேந்தனார் குவளையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். பழி முழுவதும் கொற்றங்கிழாருடையது. மன்னர்மேல் அதில் ஒரு துளியும் இல்லை.

பின்னர் பூதனார் கற்களை வெளியே எடுக்கப் பார்த்தார், அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வர மறுத்தன. எட்டு மல்லர்கள் வாளை இழுத்தார்கள். இன்னும் பலங்கொண்டு இழுத்தால், தேய்ந்து மெலிந்த அந்தப் பழைய வாள் முறிந்துவிடும் என்று கண்டு மன்னர் நிறுத்தச் சொன்னார். ஒரு மகள் தன் தந்தையின் நினைவாக வைத்திருக்கும் பொருளை இரண்டு துண்டாக அனுப்புவதைவிடப் போரே மேல் என்று மொழிந்தார். தாமதமாகத் திரும்பும் வாளை மன்னரே தலையில் சுமந்து, கால்நடையாக வந்து தர வேண்டும் என்ற தங்கள் வழக்கத்தைக் கொற்றங்கிழார் தயங்கித் தயங்கி எடுத்துரைத்தார். அப்படியானால் பீடத்தோடு சேர்த்துத் தலையில் ஏற்றுங்கள் என்றார் மன்னர். அமைச்சர்கள் அனைவரும் வேண்டாம் என்று காலில் விழுந்தார்கள். உட்கார்ந்திருந்தாலும் சோர்வாகத்தான் இருக்கிறது, நடந்தாலும் சோர்வாகத்தான் இருக்கப்போகிறது, நடந்தால் இரண்டு நாட்டுப் பிள்ளைகளாவது பிழைப்பார்கள் என்று மன்னர் அருளிச்செய்தார்.

ஆகவே எம் மன்னர் புறப்பட்டுவிட்டார். பதினெட்டுக் கல் பீடமும் அதன்மேல் தங்கள் வாளும் அவர் தலைமேல் இருக்கின்றன. நாற்பது அடி நடக்கிறார், பீடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார், மறுபடி எழுகிறார். கணக்கிட்டுப் பார்த்ததில் தங்கள் எல்லையை அடுத்த ஆண்டு தைத் திங்களில் தொடுவார் என்று தெரிகிறது. அமாவாசைக்கோ இன்னும் ஒன்பது நாள்தான்.

போரை அதுவரை தள்ளிவைத்தருள வேண்டுகிறோம். தள்ளிவைக்க இயலாது, படை எடுத்தே தீருவோம் என்று தேவியார் திருவுளம் கொண்டால், அதற்கும் மன்னர் ஒரு விண்ணப்பம் அனுப்பச் சொல்கிறார். தயைகூர்ந்து விரைவாகப் படையெடுத்து வாருங்கள். தாங்கள் எவ்வளவு தூரம் முன்னேறுகிறீர்களோ அவ்வளவு நடை அவருக்கு மிச்சம். எதிர்ப்பட்ட இடத்தில் வாளைக் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். வழியிலுள்ள எம் கோட்டைகள் அனைத்தும் தங்கள் சேனைக்குக் கதவைத் திறந்து, மோரும் பானகமும் தந்து, இந்தப் பக்கம் என்று கைகாட்டி விடுமாறு இதன்வழி ஆணை பிறக்கிறது.

வெண்துறையின் மீன்முத்திரை இட்டு, மன்னர் படுத்தபடியே பெருவிரல் பதித்து, கொற்றங்கிழார் கைச்சாத்துடன், பயணத்தின் நான்காம் நாள் பகலில், அரண்மனை வாயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழுதப்பெற்றது.