நடுவில் சிவப்புப் பட்டை

ஆம்பூர்
29-9-1919

மாதனூர் பட்டம்மாள் அம்மாவுக்கு, கடைத்தெருத் தையற்காரன் அதாவுல்லா சலாம் சொல்லி எழுதுவது.

பதினாறு வருஷத்துக்கு முன் டில்லியில் தர்பார் நடந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில், எங்களுக்கு நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கையில், பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது. அப்போது என் வீடு அங்கே ஆற்றோரம். நான் உடுப்பு தைக்க வேலூருக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தால் வீடு இருந்த இடத்தில் மணல். மனைவி, மகள், மருமகன் மூவரையும் தேடி எடுத்து அடக்கம் செய்தேன். மகள் பெற்ற ஆறு மாதப் பெண் குழந்தை அக்தர் மட்டும் கிடைக்கவில்லை.

அது பிறக்கும் முன்பே அதற்கு ஒரு போர்வை செய்தோம். எங்கள் வீட்டில் குழந்தைக்குப் புதுத் துணி போர்த்துவதில்லை. பெரியவர்கள் உடுத்தி மெத்தென்று ஆன துணியில், ஆளுக்கு ஒரு பட்டை, நாலு விரல் அகலம். ஏழு பட்டைகளையும் நான் வெட்டி, வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். மகள் தைத்தாள். நடுப்பட்டை சிவப்பு, பழைய சிப்பாய்க் கோட்டுத் துணி.

போன வாரம் தோல் வாங்க உங்கள் ஊருக்கு வந்த கவுஸ் பாஷா, உங்கள் வேலியில் அப்படி ஒன்று காய்வதைப் பார்த்திருக்கிறான். நடுவில் சிவப்பு என்கிறான். அதை மடித்து எடுத்துப்போன பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்குமாம்.

அந்தப் போர்வை உங்களுக்கு எப்படி வந்தது? அந்தப் பெண் யார்? மறைக்காமல் எழுதவும்.

அதாவுல்லா
(இடது பெருவிரல் ரேகை)


மாதனூர்
6-10-1919

அதாவுல்லா பாய் அவர்களுக்கு, பட்டம்மாள் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது.

தங்கள் வீட்டுத் துக்கம் அறிந்து வருந்தினேன். போர்வை பள்ளிகொண்டா திருவிழாவில் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வாங்கியது. பெண் என் தங்கை மகள் அமிர்தவள்ளி. தங்கை பிரசவத்தில் போய்விட்டபடியால் நான் வளர்க்கிறேன். வருகிற தை மாதம் அவளுக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் இப்படிக் கடிதங்கள் வருவது நல்லதல்ல. இனி எழுத வேண்டாம்.

பட்டம்மாள்


ஆம்பூர்
11-10-1919

பட்டம்மாள் அம்மாவுக்கு,

கந்தைத் துணிப் போர்வையைத் திருவிழாவில் யார் விற்பார்கள்? இதை உங்கள் வாத்தியாரும் எழுதிக் கொடுத்தாரே.

போர்வையை விரித்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். முதல் பட்டை என் அம்மாவின் வெள்ளை முக்காடு. இரண்டாவது என் தங்கை முனவ்வர் பேகத்தின் பூப்போட்ட சீட்டித் துணி. மூன்றாவது மனைவி ஜஹீதாவின் ஊதாச் சேலை. நடுவில் அவளைப் பெற்றவரின் சிவப்புக் கோட்டு. ஐந்தாவது என் கட்டம்போட்ட லுங்கி. ஆறாவது மருமகன் ஆபித் பாஷாவின் கோடுபோட்ட சட்டை. கடைசி, மகள் அஜீஸுன்னிசாவின் பச்சைத் தாவணி. அதில் ஓரமாகக் கிழிசல் இருக்கும். மஞ்சள் நூலில் இழையோட்டியிருப்பாள். பச்சை நூல் தீர்ந்துபோயிருந்தது.

வேலியில் காய்வதைப் பார்த்து இவ்வளவும் சொல்ல முடியுமா? முப்பது வருஷத்துக்கு முன் தைத்த ஜிப்பாவின் அளவைக் கேட்டாலும் நான் சொல்வேன். ஆம்பூரில் என் ஞாபகத்தை யாரும் மறுத்ததில்லை. தாசில்தாரும் மறுக்க மாட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜமாத்துப் பெரியவர்கள் நாலு பேரோடும் கவுஸ் பாஷாவோடும் வருகிறேன். போர்வையைத் தயாராக வைத்திருக்கவும்.

அதாவுல்லா
(இடது பெருவிரல் ரேகை)


மாதனூர்
14-10-1919

பாய்க்கு,

இது நானே எழுதுகிறது. மிஷன் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்தேன். உங்கள் கடிதத்தை வாத்தியாரிடம் காட்டவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

படித்ததும் போர்வையை அடுப்பில் வைத்துவிட்டேன். எல்லாம் சீக்கிரம் எரிந்தது. சிவப்பு மட்டும் எரியாமல், மயிர் கருகிற நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அமிர்தம் ஓடிவந்தாள். "இன்னாத்துக்குமா இதப் போட்டுக் கொளுத்துற? எனக்குப் பொறக்கப்போற கொழந்தைக்குன்னு வெச்சிருந்தேனே" என்றாள். பேன் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இனி நீங்கள் யாரோடு வந்தாலும் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் துணி கொடுத்தவர்களைப் பேர் பேராக எழுதிய மனுஷனிடம் பொய் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வெள்ளம் வடிந்த அன்று, தோல் ஊறவைக்கும் மரத்தொட்டி ஒன்று ஆற்றோர நாணலில் செருகி நின்றது. உள்ளே அந்தப் போர்வையில் சுற்றி இருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. எனக்குப் பிறந்தது பதினோரு நாள் முன்புதான் போயிருந்தது. மாரில் பால் இருந்தது. நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது வந்துவிடுவார்களே.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நீங்கள் நாலு பேரோடு வாசலில் வந்து நின்றால் கல்யாணம் நின்றுவிடும். உங்கள் வீட்டிலும் அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. எனக்கு வேறு யாரும் இல்லை. வருவதானால் நீங்கள் வாருங்கள். மற்றவர்களைக் கூட்டி வராதீர்கள்.

பட்டம்மாள்


18-10-1919

தங்கச்சி பட்டம்மாளுக்கு,

இதை ஆம்பூரில் எழுதவில்லை. எழுதித் தர, என்னைத் தெரியாத ஒருவரைத் தேடிக் குடியாத்தம் வரைக்கும் வந்தேன். உன் கடிதத்தையும் இவர்தான் படித்துக் காட்டினார். அடியில் ரேகை வைக்க மாட்டேன். படித்ததும் இதையும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்றுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் வண்டி பூட்டி நிற்கிறது. நாலு பெரியவர்களும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. உன் கடிதம் என் சட்டைப் பைக்குள். படித்துக் காட்ட ஆள் தேடாமலே இரண்டு நாள் வைத்திருந்தேன். கவரில் உன் கை எழுதிய கோணல் எழுத்தைப் பார்த்ததுமே, இது வாத்தியாருக்குத் தெரியாமல் வந்தது என்று விளங்கிவிட்டது. மறைத்து எழுத வேண்டியது ஒன்றுதானே இருக்க முடியும்?

காலை வண்டிப் படியில் வைத்தேன். ஏறவில்லை. கவுஸ் பார்த்தது என் போர்வை இல்லை என்று சொன்னேன். என் பேத்தியின் போர்வையில் சிவப்புப் பட்டை ஓரத்தில் இருந்தது, நடுவில் இருந்ததாகத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

பெரியவர் ஒருவர், "இன்னா பாய், ஓரம் எது நடு எதுன்னு தெரியறதுக்குப் பதினாறு வருஷமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கவுஸ் மட்டும் சிரிக்கவில்லை. "என்னப் பேஜார் பண்ணிட்டியே சாச்சா" என்று மாட்டை அவிழ்த்தான்.

ராத்திரிக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, கிழவனுக்கு ஞாபகம் போய்விட்டதென்று. இன்றைக்குக் காலையில் குர்தா தைக்க வந்தவன் அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும்.

நான் மாதனூருக்கு வர மாட்டேன். தனியாகவும் வர மாட்டேன். வந்து அவளைப் பார்த்தால் அஜீஸுன்னிசாவின் ஜாடை இருக்கும். பிறகு என் வாய் சும்மா இருக்காது.

போர்வையை எரித்ததற்காக உன்மேல் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

துணி கொடுத்த ஏழு பேரில் ஆறு பேர் மண்ணுக்குள். ஏழாவது ஆள் நான். எனக்கு எழுபத்திரண்டு, என்னைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம். உன் வீட்டில் யாராவது மிச்சமா என்று ஊரார் கேட்டால், இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் சொன்னேன். இனியும் அப்படியே சொல்வேன். உன்னிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். ஒருத்தி இருக்கிறாள்.

அமிர்தவள்ளி.