ஒரு டிரே காயும் ஒரு நாற்காலியும்

டிசம்பர் 9, செவ்வாய்

சேர்மன் போன் செய்தார். சேர்மன் என்றால் இவருடைய அண்ணன். எந்தக் கம்பெனிக்கும் சேர்மன் இல்லை, பெயின்ட் கடையில் ஸ்டாக் பார்க்கிறார். ஆனால் சோபாவில் சாய்ந்து தொண்டையைச் செருமினால் குடும்பத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். அதனால் இந்த நோட்டில் மட்டும் அவருக்கு அந்தப் பதவி கொடுத்து வைத்திருக்கிறேன். நேரில் மாமாதான்.

வருடக் கடைசி விருந்து வழக்கம்போல அவர் வீட்டில். ஓரகத்தி இறைச்சி. நாத்தனார் கேக். எனக்கு? "நீ காய் பண்ணிடும்மா, ஈஸி." பெருந்தன்மை அப்படியே போனில் வழிந்தது.

ஈஸி. அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிறது. இந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் சமையல் லேசோ, அவர்தான் கடைசியில் எல்லாப் பாத்திரமும் கழுவ வேண்டும். மாமியார் எந்தக் காலத்திலோ போட்டது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கல்யாணமானதிலிருந்து எனக்குக் காய்தான். என்ன செய்தாலும் காய்தானே என்பார்கள். ஒரு வருடம் நாள் முழுக்க நின்று மிளகாய்க்குள் பூரணம் அடைத்துக் கொண்டுபோனேன். அப்போதும் காய்தானே. கழுவு.

கழுவினால் கழுவிவிட்டுப் போகிறேன், கை தேய்ந்துவிடாது. எரிச்சல் அதில்லை. நான் அடுக்களையில் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கூடத்தில் எல்லாம் முடிவாகும். கையில் நுரையோடு வெளியே வந்தால் செய்தி மட்டும் கிடைக்கும். எங்கள் பைக் நாத்தனார் வீட்டுக்காரருக்குப் போனது அப்படித்தான். மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதும், என் மகளை, நான் எண்ணெய்ச் சட்டி தேய்த்த நேரத்தில்தான் முடிவாயிற்று. இவர் அங்கேதான் இருந்தார். தலையாட்டினாராம்.

டிசம்பர் 11, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்! ஜனவரியிலிருந்து பகல் ஷிப்ட் முழுதும் என் பொறுப்பு.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று சந்தோஷத்தில் ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

லிப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை என்றால் எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன் என் பரம்பரையையே திட்டுவான். நான் குரலை ஏற்றாமல், "கதவைத் தள்ளாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்பேன். கொஞ்ச நேரத்தில் அவனே தன் பிள்ளையின் பரீட்சை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். இதுவரை அரை நாள். இனி முழு நாள், எனக்குக் கீழே நான்கு பேர். மேனேஜர் சொன்னபோது அசடு மாதிரி ஒரு தேங்க்ஸ்கூட ஒழுங்காக வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "அப்ப காலையில டிபன்?" என்றார்.

டிசம்பர் 13, சனி

மகள் ஒரு சேதி கொண்டுவந்தாள். சேர்மனின் மகன் அவளிடம் உளறியிருக்கிறான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாமியார் அங்கேதான் இருக்கிறார். இந்த விருந்தன்று அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாகத் தீர்மானம் நிறைவேற்றப்போகிறார்களாம். காரணம்? நான் அரை நாள்தானே வேலைக்குப் போகிறேன். அதையும் விட்டுவிட்டால் கவனிப்பு பிரமாதமாக இருக்கும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! நான் அடுக்களையில் நிற்பேன், என் வேலை கூடத்தில் போய்விடும்.

இல்லை. இந்த வருடம் நான் உட்காருவேன். பேச்சு முடிகிற வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். என்னை ஸிங்க் பக்கம் அனுப்ப ஒரு சாக்கும் கிடைக்கக் கூடாது. என் பங்குக்கு ஒரு கரண்டிகூட அழுக்காகக் கூடாது. ஒரே டிரேயில் காய், அடியில் தாள், ஓவனில் தள்ளு, அப்படியே மேஜைக்கு. சாப்பிட்டதும் தாளைச் சுருட்டிக் குப்பையில் போடு. அவ்வளவுதான். என் பாத்திரம் சுத்தம், உங்கள் பாத்திரம் உங்கள் பாடு.

"அம்மா, நீ காய் பண்ணப்போறியா, சதி பண்ணப்போறியா?" என்றாள் மகள்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒத்திகை. வீடு முழுக்கப் புகை.

ஓவனுக்கு என்று தனியாக ஒரு தாள் உண்டு, சூடு தாங்கும். கடையில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அட்டையில் ஓவன் படம் இருக்கும் என்று இவரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். வாங்கிவந்தது மெழுகுத்தாள். அது தின்பண்டம் சுற்றுவதற்கு. நானும் உறையைப் பிரித்துப் பார்க்காமல் அவசரத்தில் விரித்துத் தொலைத்தேன். மெழுகு உருகி, புகைந்து, டிரேயோடு ஒட்டி, கேரட்டெல்லாம் மெழுகுவர்த்தி வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

இவர் ஜன்னலைத் திறந்துகொண்டே, "பேப்பர்னா பேப்பர்தானே" என்றார். இவருடைய ஆபீசில் இவரை நம்பிக் கொள்முதல் பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆபீசை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பாத்திரம் கழுவாமல் இருப்பதற்காகச் செய்த சமையல். சாயங்காலம் முழுக்க டிரேயைச் சுரண்டினேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஓரகத்தி போன். அவள் இறைச்சிக்கு ஊறவைக்க ஒரு பாத்திரம், வதக்க ஒன்று, சாறு வடிக்க ஒன்று, சாறு ஊற்றிவைக்கக் கொக்கு மூக்கு மாதிரி ஒரு ஜாடி. கேட்கும்போதே என் விரலெல்லாம் ஊறிப்போனது போல இருந்தது. நைசாக, "அக்கா, இந்தத் தடவை அவங்கவங்க பாத்திரத்த அவங்கவங்களே கழுவிக்கலாமா?" என்றேன். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

சேர்மன் சொன்னாராம், குடும்பத்துக்குள்ளே கணக்குப் பார்க்கக் கூடாது என்று. ஆகா. கழுவாதவர்களுக்குக் கணக்கே வராதுதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. தாளை நானே போய் வாங்கினேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதில் பீன்ஸ் கருகி, உருளை பச்சையாக நின்றது. புத்தி வந்தது. அடுத்த டிரேயில் உருளையும் கேரட்டும் முதலில். அவை ஓரத்தில் லேசாகச் சிவந்த பிறகு காலிபிளவர், வெங்காயம், தோலோடு பூண்டுப் பற்கள். பீன்ஸ் கடைசியில். எண்ணெய், உப்பு, மிளகு எல்லாம் டிரேயிலேயே, கையாலேயே பிசறல். தனிக் கிண்ணம் எதற்கு? முக்கியமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நெருக்கினால் வறுபடாது, வேர்த்துப்போய் அவியல் பதத்துக்கு வந்துவிடும்.

பிரமாதம். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்? பூண்டு வெண்ணெய் மாதிரி பிதுங்குகிறது. மகள் டிரேயிலிருந்தே தின்று தீர்த்தாள். இவர் தட்டில் மூன்றாம் முறை போட்டுக்கொண்டு, "பரவாயில்ல" என்றார்.

தாளைச் சுருட்டினேன். டிரே பளபளவென்று இருந்தது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 27, சனி

இவரிடம் நேராகக் கேட்டேன். உங்கள் அண்ணன் அத்தையை இங்கே அனுப்பப்போகிறாராமே, உங்களுக்குத் தெரியுமா?

தெரியுமாம். முன்பே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை? "நீ டென்ஷன் ஆவேன்னுதான்…" அடடா. என்ன கரிசனம். வேலையை விடச் சொன்னால் டென்ஷன் இல்லை, முன்கூட்டியே தெரிந்தால்தான் டென்ஷன்.

அத்தை வந்தால் எனக்கு ஆகாது என்றில்லை. அந்த வாய்க்கு வாய் கொடுத்து எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஆளைக் கேட்காமல், என்னையும் கேட்காமல், அலமாரியை நகர்த்துகிற மாதிரி — சே. எழுதினால் ரத்தம் கொதிக்கிறது. படுக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

காய் வெட்டி டப்பாவில் போட்டாயிற்று. டிரே, தாள், எண்ணெய் பாட்டில் ஒரு பையில். பயமாக இருக்கிறது. காய்க்கு இல்லை.

டிசம்பர் 31, புதன்

எல்லாம் எழுதிவிட வேண்டும்.

காய் அங்கே போய் என் கண்முன்னால்தான் வெந்தது. நன்றாக வந்தது. டிரேயை மேஜைக்கு எடுத்துப்போகும் முன் முகம் கழுவப் போனேன், அதற்குள் ஓரகத்தி அதை மூன்று கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி, மூடியும் போட்டு வைத்துவிட்டாள். கூடவே மூன்று பரிமாறும் கரண்டி. டிரேயோடு வைத்தால் பார்க்க என்னவோ போல இருக்காதா என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள்? நாம்தானே! மூடிக்குள்ளே காய் வேர்த்து, மொறுமொறுப்பெல்லாம் போய், ஆஸ்பத்திரிக் காய் மாதிரி தொங்கிவிட்டது. பாத்திரமே விழாத சமையலில் மூடியோடு ஒன்பது உருப்படி. இவர்களை என்னதான் செய்வது?

சாப்பிட்டோம். காய்தானே என்று நாத்தனார் வீட்டுக்காரர் ஒதுக்கினார், பிறகு கிண்ணத்தையே வழித்தார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் எழுந்திருக்கும் நேரம்.

நான் எழுந்திருக்கவில்லை.

சேர்மன் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு ரோடு தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றி. பிறகு மறுபடியும் மழை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். நான் இருந்தால் தீர்மானம் வாயை விட்டு வரமாட்டேன் என்கிறது! இத்தனை வருடமாக நான் கழுவினால்தான் இவர்களுக்குப் பேச்சே வந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஓரகத்தி பாத்திரமெல்லாம் காய்கிறதே என்றாள். காயட்டும் அக்கா என்றேன்.

அப்போதுதான் மாமியார் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அவ எந்திரிக்க மாட்டாடா. சொல்ல வந்தத சொல்லித் தொல."

சேர்மன் சொன்னார். அம்மா கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருக்கட்டும், அங்கே இவள் எப்படியும் பாதி நாள் வீட்டில்தானே, அதுவும் என்ன பெரிய வேலை, போன் எடுக்கிறதுதானே — சுற்றிச் சுற்றி வந்தார்.

எனக்கு வேலைக்குரல் தானாக வந்தது. "ஜனவரியிலிருந்து முழு நாள், மாமா. ஷிப்ட் பொறுப்பு எனக்குக் குடுத்திருக்காங்க. நான் விடமாட்டேன்."

இவரைப் பார்த்தேன். பூண்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். இவரை நம்பினால் நடுத்தெருதான் என்று நினைத்த நேரத்தில், நிமிராமலே, "ஆமாண்ணே. கையெழுத்துப் போட்டுட்டா. நல்ல வேல அது" என்றார். கல்யாணமானதிலிருந்து என் பக்கம் பேசிய முதல் பேச்சு. அதையும் மென்றுகொண்டேதான் சொன்னார்.

அப்படியானால் அம்மாவை யார் பார்ப்பது என்று சேர்மன் குரலை உயர்த்தினார். நான் மாமியார் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க?"

"இப்பவாச்சும் கேட்டியே. நீயும் இத்தன நாளா கேக்கல." சுருக்கென்று தைத்தது. என்னைத்தான், வேறு யாரையும் இல்லை. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நான் இங்கயே இருக்கேன். இப்பதான் இந்தப் படி கால்ல பழகியிருக்கு. மூணு பெத்தேன்ல? ஞாயித்துக்கிழம சின்னவன் வரட்டும், பாத்துக்கட்டும். சனிக்கிழம பொண்ணு. மூத்தவன் பொண்டாட்டி ரெண்டு நாள் கால நீட்டிப் படுக்கட்டும், அவளும் மனுஷிதான?"

ஓரகத்திக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் ஜாடியைப் பற்றி இந்த நோட்டில் எழுதிய கொக்கு மூக்கைக் கோடு போட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, ஜாடி அப்படித்தான் இருக்கிறது.

பாத்திரமா? நாங்கள் கிளம்பும்போது அப்படியே கிடந்தன.

ஜனவரி 2, வெள்ளி

சேர்மன் பேசுவதில்லையாம் என்னோடு. புது வருடம் நன்றாகவே பிறந்திருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

முதல் நாள். நாலு பேரில் ஒருத்தி வாய்க்கொழுப்பு. பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

இந்த வாரம் ஞாயிறும் எனக்கு ஷிப்ட். காலையில் இவர் முனகிக்கொண்டே அம்மாவிடம் போனார், சேர்மனும் ஓரகத்தியும் வெளியே கிளம்பிவிட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் என் மொபைலில் இவர். வெந்நீர் எந்தப் பாத்திரத்தில் வைப்பது, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, அம்மா குளிக்கமாட்டேன் என்கிறாள், சூப் அடிப்பிடித்துவிட்டது. ஒரே மூச்சில். மூச்சை விட்டுவிட்டு, "நீ ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வாயேன்" என்றார்.

வாயில் சரி என்ற சொல் வந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. மாமியார்.

"இவன் என்ன கூத்தடிச்சாலும் நீ வராத. கத்துக்கட்டும். வேலையப் பாரு."

சரி அத்தை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏழாவது மாடியில் யாரோ மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார், அந்தப் போனை எடுத்தேன்.